கை உயராத கூட்டம்

சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு உற்சாகம் தரும்படி ஏதாவது சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உற்சாகம் எல்லாம் நான் ஓய்வுபெற முன்னமே முடிந்துவிட்டது. இப்போது உருத்திரபுரத்தில் இருந்துகொண்டு வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறேன். வயல் என்னிடம் வாக்குறுதி கேட்பதில்லை, நானும் அதனிடம் கேட்பதில்லை. ஆனாலும் கூப்பிட்ட மரியாதைக்கு ஒன்று சொல்கிறேன்.

துண்டுப்பிரசுரம் எழுதுவது, தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுப்பது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எல்லாவற்றையும் மற்றவர்கள் உங்களுக்குப் பழக்குவார்கள். நான் சொல்லப்போவது நாங்கள் வென்ற ஒரு வேலைநிறுத்தத்தையும், அதற்குப் பிறகு நடந்ததையும். வென்ற பாதியை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். அதைச் சொல்லாமல் இங்கே எந்த மேதினக் கூட்டமும் முடிவதில்லை. மற்றப் பாதியைச் சொல்லுகிறவர்கள் குறைவு.

என்னைத் தெரியாதவர்களுக்கு: போர்க்காலத்தில் வவுனியாவில் ஒரு சின்னச் சமாதானக் குழுவில் இருந்தேன். மூன்று இனத்தவரும் ஒரு மண்டபத்தில் இருந்து கதைப்போம், அவ்வளவுதான். அதற்கே ஒரு பக்கம் என்னை உளவாளி என்றது, மறுபக்கம் துரோகி என்றது. போர் முடிந்து ஏ9 வீதியோரம் ஆடைத் தொழிற்சாலை வந்தபோது அதில் மெசினில் இருந்தேன். பிறகு சங்கம் என்னை முழுநேர அமைப்பாளராக எடுத்தது.

அந்தத் தொழிற்சாலையை ரிப்பன் வெட்டித் திறந்தவர்கள் அதை வன்னிக்கான பரிசு என்றார்கள். வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருசனைப் பறிகொடுத்தவர்கள், உடம்பில் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறவர்கள், தடுப்பு முகாமில் இருந்து விடப்பட்டு வேறு எவரும் வேலை கொடுக்காதவர்கள். விடிய முன்னம் பஸ் வந்து ஊர் ஊராக ஏற்றும். உள்ளே போனால் ஒவ்வொரு லைனுக்கும் ஓர் அட்டை. கழிப்பறைக்குப் போவதென்றால் அந்த அட்டையைச் சூப்பவைசரிடம் வாங்கிக் கழுத்தில் போட வேண்டும். ஒருவர் போய்த் திரும்பும்வரை அந்த லைனில் வேறு ஒருவரும் எழும்ப முடியாது.

கனகராயன்குளத்தில் இருந்து வந்த கௌரி அப்போது கர்ப்பமாக இருந்தாள். கல்யாணம் செய்து கனகாலம் காத்திருந்து உண்டான பிள்ளை. ஒரு நாள் காலையில் வயிற்றுக்குள் ஏதோ சரியில்லை என்று அட்டையைக் கேட்டாள். அட்டை வெளியே போயிருந்தது. வந்த பிறகு கேட்டாள். "இலக்கு முடியட்டும்" என்றாள் சூப்பவைசர். கௌரி மறுபடியும் மெசினில் இருந்து தைத்தாள். கொஞ்ச நேரத்தால் பின்னால் இருந்தவள் கத்திய சத்தத்தில்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கௌரியின் கதிரைக்குக் கீழே நிலம் சிவந்திருந்தது.

பிள்ளை தங்கவில்லை. ஆசுபத்திரியால் வந்து வேலைக்குப் போனவளை வாசலில் மறித்து, அறிவிக்காமல் நின்றபடியால் வேலை போய்விட்டது என்று காவலாளியைக் கொண்டு சொல்வித்தார்கள்.

நான் செய்தி கேட்டு ஓடிப் போகும்போது மெசின்கள் நின்றுவிட்டன. மேடைகளில் சொல்வதுபோல நான் நிறுத்தவில்லை. பொதியிடும் பகுதியில் வேலை செய்த ராசமலர் அக்கா எழும்பி, கையில் இருந்த பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்திருக்கிறா. ஏன், எதற்கு என்று ஒருவரிடமும் சொல்லவில்லையாம். மற்றவர்கள் பின்னால் வந்திருக்கிறார்கள்.

ராசமலர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முள்ளிவாய்க்காலில் இருந்து சனம் வெளியே வந்த நாளில், பெயரைப் பதிந்துவிட்டு விடுவோம் என்று இராணுவம் சொன்னதை நம்பி, தன் ஒரே மகனைக் கையால் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தவ. அவன் திரும்பவில்லை. ஏ9 வீதியோரத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கும் கொட்டகை இருக்கிறதல்லவா, லீவு நாட்களில் எல்லாம் மகனின் படத்தோடு அங்கேதான் இருப்பா. வேலை நாளில் எங்களுக்குப் பெட்டி கட்டுவா. அதிகம் கதைக்க மாட்டா. வேலைநிறுத்தம் நடந்த நாட்கள் முழுக்கக் கௌரிக்கு மேலே குடை பிடித்தபடி வாசலில் நின்றது அவதான்.

வாசலில் நாங்கள் இருந்த ஆரம்ப நாட்களிலேயே ஓர் அரசியல்வாதி ஒலிபெருக்கியோடு வந்து இறங்கினார். "சிங்கள முகாமையாளர் எங்கள் இனத்தின் கருவை அழித்துவிட்டான்" என்று தொடங்கினார். பெண்கள் அழத் தொடங்கினார்கள். வீதியால் போன பெடியள் சைக்கிளை விட்டிறங்கிக் கல் பொறுக்கினார்கள். முகாமையாளரின் வாகனம் உள்ளே நின்றது.

உங்களுக்கும் ஒரு நாள் இப்படி வரும். யோசிக்க நேரம் இருக்காது. ஒரு கல் போனால் அடுத்ததாக யார் வருவார்கள், யார் முதலில் அடி வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். போய் அவர் கையில் இருந்த ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"அட்டையைக் கையில வைச்சிருந்தவா எங்கட ஊர்ப் பொம்பிளை" என்றேன். "குடுக்காமல் விட்டவாவும் அவாதான். இதே அட்டை தெற்கில இருக்கிற தொழிற்சாலையிலையும் தொங்குது. எங்கட சண்டை அட்டையோட. கல்லைக் கீழ போடுங்கோ தம்பியவை."

"உவ ஆற்ற காசில கதைக்கிறா எண்டு கேளுங்கோ!" என்று அவரோடு வந்த ஒருவன் கத்தினான். துரோகி என்ற பழைய பெயர் மறுபடி கிளம்பியது. அப்போது ராசமலர் அக்கா குடையைக் கௌரியின் கையில் கொடுத்துவிட்டு வந்து அந்த அரசியல்வாதியின் முன்னால் நின்றா.

"தம்பி, என்ர பிள்ளைக்காகவும் நீங்கள் இப்பிடித்தான் மைக்கில கத்தினனீங்கள். அதுக்குப் பிறகு உங்களை நான் காணேல்லை. போங்கோ."

அவர் போனார். பெடியள் கல்லைப் போட்டார்கள்.

கொம்பனி எங்களோடு கதைக்க வரவில்லை. அதற்கு அவசரம் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. வெட்டிய துணியை லொறியில் ஏற்றித் தெற்கில் இருந்த தங்கள் மற்றத் தொழிற்சாலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே அது தைபட்டால் நாங்கள் வாசலில் இருந்து காய வேண்டியதுதான்.

நானும் நஸீமாவும் பஸ் ஏறினோம். நஸீமா எங்கள் சங்கத்தின் மொழிபெயர்ப்பாளர். அவளுடைய குடும்பம் முல்லைத்தீவு முஸ்லிம் குடும்பம். வடக்கில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவள் தாயின் இடுப்பில் இருந்தவள். புத்தளத்தில் அகதி முகாமில் வளர்ந்து சிங்களம் படித்து, பிறகு வவுனியாவுக்கு வந்து தகப்பனோடு கடை நடத்தினாள். அவள் இல்லாமல் எங்களால் தெற்கோடு ஒரு சொல்லும் கதைத்திருக்க முடியாது.

அங்கே தொழிற்சாலையில் பெண்கள் யாரைக் கேட்டு நடப்பார்கள் என்று விசாரித்தோம். சோமலதா என்றார்கள். வீட்டுக்குப் போனோம். சீமெந்து பூசாத சின்ன வீடு. உள்ளே நுழைந்ததும் கண்ணில் பட்டது சுவரில் இருந்த படம்தான். இராணுவச் சீருடையில் மீசை அரும்பாத ஒரு பெடியன். படத்தைச் சுற்றி மின்மினி பல்புகளின் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. சோமலதா எங்களை அதற்குக் கீழே இருந்த கதிரைகளில் இருக்கச் சொன்னாள்.

நான் கௌரியின் கதையைச் சொன்னேன். நஸீமா அதைச் சிங்களத்தில் சொன்னாள். கதிரைக்குக் கீழே நிலம் சிவந்ததைச் சொல்லும்போது நஸீமாவின் குரல் உடைந்தது. முடிந்ததும் சோமலதா நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். பிறகு நஸீமாவிடம் ஏதோ சொன்னாள்.

"தம்பி உங்கட பக்கத்திலதான் மௌத்தானாராம்" என்றாள் நஸீமா. "கடைசிச் சண்டையிலயாம்."

எழும்பிப் போக வேண்டி வருமோ என்று பையைக் கையில் எடுத்தேன். சோமலதா இன்னும் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"அட்டை இங்கயும் இருக்காம். நிறம் மட்டும் வேறயாம். அவவுட லைன்ல ஒரு பிள்ளைக்கும் இப்பிடி நடக்கப் பார்த்ததாம். அந்தத் துணி வந்து இறங்கினா நாங்க தொடமாட்டோம் எண்டு சொல்றா."

சொன்னபடி செய்தார்கள். எங்கள் துணி அவர்களின் மேசைக்கு வந்ததும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். கொம்பனிக்காரர் மிரட்டினார்கள், பெற்றோரை வரவழைத்துக் கதைத்தார்கள், "இவ்வளவு சீக்கிரம் உன் தம்பியை மறந்துவிட்டாயா" என்று சோமலதாவைக் கேட்டார்கள். அவள் அசையவில்லை. உடுப்பு ஏற்றும் கப்பல் போகும் நாள் நெருங்க, கொம்பனி எங்களைக் கதைக்கக் கூப்பிட்டது. அட்டையை எடுத்தார்கள். கௌரியை உள்ளே விட்டார்கள்.

அந்த மேதினத்தில் சோமலதாவும் நானும் கை கோத்து நிற்கிற படத்தைத்தான் சங்கத்தின் சுவரொட்டிகளில் எல்லாம் போட்டார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். எனக்கும் அன்று கலங்கியது. நான் இத்தனை வருசம் சமாதானக் குழுவில் இருந்து கதைத்துக் கதைத்து வராத ஒன்றை ஒரு கழிப்பறை அட்டை கொண்டுவந்துவிட்டது என்று நினைத்தேன்.

முதற்பாதி இவ்வளவும்தான்.

கொஞ்ச மாதம் கழித்து, சனம் மறந்த பிறகு, கொம்பனி தெற்கில் கை வைத்தது. சோமலதாவையும் அவளோடு நின்ற பெண்களையும் வேலையில் திறமை போதாது என்று நிறுத்தினார்கள். மற்றவர்கள் எதிர்த்து மெசினை நிறுத்தியபோது, அவர்களின் துணி லொறியில் ஏறி வடக்கே வந்தது. எங்கள் மேசைக்கு.

நஸீமாவுக்குத்தான் முதலில் அழைப்பு வந்தது. அவள் என்னிடம் வந்து கதவடியிலேயே நின்று சொன்னாள்.

"வதனி அக்கா, சோமலதா கதைச்சா. பெரிசா ஒண்டும் கேக்கல்ல. இந்தத் துணியத் தொடாம இருந்தாப் போதுமாம். இப்ப உங்கட முறையாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் போட்டேன். எல்லோரும் வந்தார்கள். வெயிலில் தகரம் காய்ந்து உள்ளே அவிந்தது. நான் எழும்பி நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர்கள் எங்களுக்காக நின்றதைச் சொன்னேன். துணியைத் தொடாமல் இருப்பதற்குச் சம்மதமா என்று கேட்டேன்.

முதலில் ஒருத்தி, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு என்றாள். இன்னொருத்தி, தன்னைத் தேடிச் சிவில் உடையில் ஆட்கள் வீட்டுக்கு வந்துபோகிறார்கள், இனியும் பெயர் கெட்டால் மறுபடி விசாரணைக்குப் போக ஏலாது என்றாள். இவை எல்லாம் நான் எதிர்பார்த்தவை. பயத்துக்கு என்னிடம் பதில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஆறுதலாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் இளகுவது தெரிந்தது.

அப்போது பின்வரிசையில் ராசமலர் அக்கா எழும்பினா.

"வதனி, நான் பயத்தில கதைக்கேல்லை. எனக்கு இனி என்னத்துக்குப் பயம்" என்றா. "அந்தப் பிள்ளை எங்களுக்கு உதவி செய்தவா. ஓம். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. அவா கௌரியின்ர பிள்ளைக்காக நிண்டவா. பிறக்காத பிள்ளைக்காக நிண்டவா. பிறந்து, வளந்து, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்த பிள்ளைக்காக அவையளில ஒருத்தர் வந்தவையே? நான் றோட்டில இருக்கிறன். அவையளின்ர பஸ்ஸுகள் எனக்கு முன்னாலதான் யாழ்ப்பாணம் போகுது, வருது. ஒரு நாள் ஒரு பஸ் நிண்டிருக்கே? ஒரு பொம்பிளை இறங்கி வந்து, 'அம்மா, உது ஆற்ற படம்' எண்டு கேட்டிருக்கே? நான் ஏசச் சொல்லிக் கேக்கேல்லை. அழச் சொல்லியும் கேக்கேல்லை. ஆரெண்டு கேக்கிறதுக்குக் கூடவோ மனமில்லை?"

நிறுத்தி மூச்செடுத்தா.

"அவாட வேலைக்கு நான் நிக்கவேணும் எண்டு சொல்லுறாய். நிக்கிறன். முதல் அவாவை வந்து என்ர மோன் எங்கை எண்டு எனக்குப் பக்கத்தில நிண்டு கேக்கச் சொல்லு."

இருந்துவிட்டா.

முப்பது வருசம் கூட்டங்களில் கதைத்தவள் நான். ஏழை மக்கள் எல்லா இனத்திலும் ஒன்றுதான், பிரித்து வைப்பவர்கள்தான் எதிரிகள் என்று நித்திரையிலும் சொல்லுவேன். அன்றைக்கு அந்த வசனத்தை வாய்க்குள் எடுத்தேன், வெளியே வரவில்லை. ராசமலர் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல ஒரு மனுசியால் முடியாது.

கையை உயர்த்தச் சொன்னேன். அங்கும் இங்குமாக ஒன்றிரண்டு கைகள் எழும்பின, மற்றவர்களைப் பார்த்துவிட்டு இறங்கின. நஸீமாவின் கை மட்டும் நின்றது. அவள் மெசினில் இருக்கிறவள் அல்ல, அவளுக்கு வாக்கும் இல்லை. நான் கௌரியைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த இரண்டு கையையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்து இறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

சங்கத்தின் கிளைச் செயலாளர் என் காதடியில் வந்து, "அக்கா, உதை வாக்குக்கு விட்டது பிழை. நிர்வாகக் குழு முடிவெண்டு சொல்லி நாங்களே அறிவிப்பம். அறிவிச்சா நிப்பாட்டுவினம்" என்றார்.

சங்க விதியில் அதற்கு இடம் இருந்தது. நிறுத்தியும் இருப்பார்கள். என் சொல்லைத் தட்டாத பெண்கள் அவர்கள்.

நான் மாட்டேன் என்றேன். இதைக் கேட்டு உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சங்கத்துக்குள்ளேயே அதற்காக என்னை இன்றைக்கும் ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். வென்றிருக்கலாம், சரித்திரமாகியிருக்கும், நீ கோட்டை விட்டாய் என்று. அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இந்த மண்ணில் இந்தப் பெண்களுக்காக மற்றவர்கள் முடிவெடுத்தது போதும். உன் பிள்ளையைத் தா என்று ஒரு பக்கம் முடிவெடுத்தது. உன் பிள்ளையை ஒப்படை என்று மறுபக்கம் முடிவெடுத்தது. எல்லாம் பெரிய காரணங்களுக்காகத்தான். என் காரணம் அவற்றைவிட நல்ல காரணம் என்று எனக்குத் தெரியும். அதற்காக நானும் அந்த வரிசையில் போய் நிற்க முடியாது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். ஆனால் இலேசாக எடுக்காதீர்கள்.

தெற்குத் துணி எங்கள் மேசையில் தைபட்டது.

தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பஸ் ஏறினேன். நஸீமாவும் வந்தாள். மதவாச்சி தாண்டியது. பிறகு அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"ராசமலர் அக்கா கேட்டது சரிதான் அக்கா. எங்கள வெளியேத்தினப்பயும் அப்பிடித்தான். வாப்பா வீட்டுச் சாவியத் துவக்கோட வந்தவங்கட கையில குடுத்திட்டு நடந்தாராம். உங்கட ஆக்கள் வேலியடியில நிண்டு பார்த்தாங்களாம். ஒருத்தரும் ஏன் எண்டு கேக்கல்லயாம்."

"எண்டாலும் நீ வாறாய்" என்றேன்.

"வாறன்தானே" என்றாள் சலிப்போடு. "ஆராவது ஒராள் பஸ்ல ஏறத்தானே வேணும்."

சோமலதா வீட்டு வாசலில் தும்புத்தடியோடு முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. நல்ல செய்தி என்றால் அழைத்துச் சொல்லியிருப்போம் அல்லவா. உள்ளே கூப்பிட்டாள். அதே கதிரைகளில் இருந்தோம். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பயந்தவர்கள் பற்றிச் சொன்னேன், ராசமலர் அக்கா கேட்டதைச் சொன்னேன். நஸீமா அதைக் குறைக்காமல், இனிப்புத் தடவாமல் அப்படியே மொழிபெயர்த்தாள்.

தும்புத்தடி இன்னும் சோமலதாவின் கையில் இருந்தது. பிறகு மெதுவாகச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். இடையிடையே நிறுத்தி நஸீமாவைப் பார்த்தாள்.

"அந்த அம்மா சொன்னது மெய்தானாம்" என்றாள் நஸீமா. "அவட மகனப் பத்தி நான் கேக்கல்ல, உண்மதான் எண்டு சொல்றா. ஆனா தன்ட தம்பியப் பத்தியும் கேக்கல்லயாம். பெட்டி வந்துதாம். முத்திர வச்ச பெட்டி. திறக்க வேணாம் எண்டு சொன்னாங்களாம். உம்மா திறக்கச் சொல்லிக் கத்தினாவாம். இவதான் உம்மாவப் பிடிச்சி இழுத்து வச்சிருந்தவாம். பெட்டி பாரமில்லாம இருந்துதாம் அக்கா. தூக்கினவங்களுக்கு விளங்கிச்சாம். ஆனா ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்லயாம். கேக்கப் பழகல்ல, அதான் கேக்கல்ல எண்டு சொல்றா."

மின்மினி வெளிச்சம் படத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் மட்டும் எனக்குச் சிங்களத்தில் தெரியும்.

சோமலதா எழும்பினாள். தும்புத்தடியை மூலையில் சாத்திவிட்டு ஏதோ கோபமாகச் சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனாள்.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"போன்ல சொல்லியிருந்தா வாய் நிறைய ஏசியிருப்பாவாம். வீட்டுக்கு வந்திட்டீங்க, இனித் தேத்தண்ணி ஊத்தத்தானே வேணும் எண்டு சொல்றா."

தேநீரைக் குடித்தோம். ஒருவரும் ஒருவரின் முகத்தைப் பார்க்கவில்லை. படலையடியில் நின்று அவள் கை காட்டவில்லை. நாங்களும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நடந்தது சுருக்கமானது. சோமலதாவுக்கு அந்தப் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையும் வேலை கொடுக்கவில்லை. வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குப் போனாள் என்று நஸீமா சொன்னாள். தெற்குத் தொழிற்சாலையை ஒடுக்கிய கையோடு கொம்பனி எங்களிடமும் வந்தது. இந்த முறை துணியைத் தொடமாட்டோம் என்று சொல்லத் தெற்கில் ஆள் இல்லை. கழிப்பறை வாசலில் விரல் வைக்கிற கருவி ஒன்றைப் பூட்டினார்கள். உள்ளே போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் விரல் வைக்க வேண்டும். அட்டை இல்லை, அட்டையை எடுத்துவிட்டோம் என்று மட்டும் சங்கத்துக்கு ஞாபகப்படுத்தினார்கள். கௌரி வேலையை விட்டு நின்றுவிட்டாள். அவள் எனக்குக் காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ராசமலர் அக்காவும் நானும் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வருசக்கணக்காகக் கதைக்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. சந்தையில் கண்டால் தலையசைத்துவிட்டுப் போவோம். இந்த வருசம் ஆசுபத்திரிக்கு மருந்தெடுக்கப் போய்த் திரும்பும்போது கொட்டகையைப் பார்த்தேன். முன்னர் நெருக்கமாக இருந்த இடத்தில் இப்போது இரண்டு மூன்று பேர்தான். பலர் செத்துப் போனார்கள். ராசமலர் அக்கா ஓரத்துக் கதிரையில் மகனின் படத்தோடு இருந்தா. மெலிந்து போயிருந்தா. படத்தில் இருந்த பெடியன் அப்படியே இருந்தான். பஸ்ஸை விட்டு இறங்கிப் போய்ப் பக்கத்தில் இருந்தேன்.

"அந்தச் சிங்களப் பிள்ளை இப்ப எங்கை?" என்று அவதான் முதலில் கேட்டா. வேறு ஒன்றும் விசாரிக்கவில்லை.

வெளிநாடு போனதைச் சொன்னேன். அப்படியே பெட்டிக் கதையையும் சொன்னேன். முத்திரை வைத்ததை, பாரமில்லாமல் இருந்ததை, தாய் கத்தியதை எல்லாம். இத்தனை காலமும் அதை ராசமலர் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தேன். சொன்னால் ஏதாவது இளகும் என்று நினைத்தேன். சமாதானக்காரியின் பழைய வருத்தம் அது, சுகமாவதில்லை.

அவ வீதியைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தா. முடிந்த பிறகும் வீதியைத்தான் பார்த்தா.

"அவாக்குப் பெட்டியாவது வந்ததெல்லோ" என்றா.

இந்த வேலையில் நீங்கள் எத்தனை வருசம் இருந்தாலும் பதில் இல்லாத இடங்கள் வரும். அங்கே பதில் சொல்ல முயலாதீர்கள். எழும்பி ஓடிவிடவும் வேண்டாம். பக்கத்தில் இருங்கள், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தால் அவ கதிரையின் கைப்பிடியைப் பிடித்து எழும்பினா. "தண்ணி குடிச்சிட்டு வாறன். உதை ஒருக்காப் பிடி" என்று படத்தை என் மடியில் வைத்தா. அந்தப் படத்தை நான் அதுவரை கையில் எடுத்ததில்லை. கண்ணாடி வெயிலில் சுட்டது. அப்போது தெற்கில் இருந்து ஒரு சுற்றுலா பஸ் வந்தது. யன்னல் நிறையச் சனம். எனக்கு உடம்பு கூசியது. அறியாமலே படத்தை நெஞ்சோடு சாய்த்துவிட்டேன்.

"அப்பிடிப் பிடியாதை வதனி" என்று பின்னால் இருந்து ராசமலர் அக்காவின் குரல் கேட்டது. "றோட்டைப் பார்த்துப் பிடி."

திருப்பிப் பிடித்தேன். பஸ் நிற்காமல் போனது.